நாய் குரைத்தால் மாங்குயில்: பறவைக் குரல் பதிவுகளிடம் நான் ஏமாந்த கதை

பதினான்கு மாதம். தவறான ஒலிப்பதிவுகளை வைத்துப் பறவைக் குரல்களைக் கற்றுக்கொள்ளவும், கற்றதை மறந்துவிட்டு மறுபடி தொடங்கவும் எனக்கு ஆன காலம் அது. செலவான பணத்தைச் சேர்த்து வைத்திருந்தால் இப்போது கழுத்தில் தொங்கும் பழைய பைனாகுலருக்குப் பதிலாக நல்லதாக ஒன்று வாங்கியிருக்கலாம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஒரு முழுப் பருவம் நான் எழுதிவைத்த பறவைப் பட்டியல்களில் பாதியை என் கையாலேயே அழிக்க வேண்டி வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. "எந்தப் பதிவைக் கேட்கிறாய், கொஞ்சம் காட்டு" என்று தொடக்கத்திலேயே யாராவது கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. கேட்க ஆள் இல்லை, நானும் போய்க் கேட்கவில்லை.

பறவை பார்க்கும் பழக்கம் எனக்கு முன்பே உண்டு. ஆனால் பறவையைப் பார்க்கும் நேரத்தைவிட அதன் சத்தத்தைக் கேட்டபடி நிற்கும் நேரம்தான் அதிகம் என்பது இந்தப் பழக்கம் உள்ள எல்லாருக்கும் தெரியும். அடர்ந்த மரத்துக்குள்ளிருந்து ஒன்று கத்தும். கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றாலும் இலை மட்டும்தான் தெரியும். சரி, குரலைக் கற்றுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்று நினைத்து, ஐந்நூறு பறவைகளின் குரல்கள் அடங்கியது என்று விற்ற ஒரு தொகுப்பை வாங்கினேன். ஐந்நூறு என்ற எண்ணில்தான் விழுந்தேன். ஒரு பறவைக்கு ஒரு பதிவு, ஒவ்வொன்றும் இருபது முப்பது விநாடி. முதலில் ஒருவர் கம்பீரமான குரலில் பறவையின் பெயரைச் சொல்வார், பிறகு பறவை பாடும். எங்கே பதிந்தது, எந்த மாதம், யார் பதிந்தது, நீளமான பாட்டா சுருக்கமான அழைப்பொலியா, எதுவும் கிடையாது. இதெல்லாம் தேவை என்பதே எனக்கு அன்று தெரியாது.

தினமும் வேலைக்குப் போகும்போது அரை மணி, திரும்பும்போது அரை மணி, காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதல் இரண்டு மாதம் வீண். பெயரை முதலிலேயே அவர் சொல்லிவிடுவதால் மூளைக்கு வேலையே இல்லை. "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிக்கொண்டே போனேன். பிறகு எனக்கே தோன்றி, ஒரு மென்பொருளில் பெயர் சொல்லும் பகுதிகளை எல்லாம் வெட்டினேன். அதற்கு மட்டும் மூன்று வாரம். வெட்டியவற்றைக் கலைத்துப்போட்டுக் கேட்டு, பெயரை நானே சொல்லிப் பார்த்தேன். ஏழாவது மாத முடிவில் இருநூறு பறவைகளில் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அப்புறம் ஒரு விடுமுறை நாளில் விடிவதற்கு முன்பே கிளம்பி, பைனாகுலரை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். காதை மட்டும் நம்பி ஒரு காலை. மூன்று மணி நேரம் நடந்தேன். உறுதியாகச் சொல்ல முடிந்தவை நான்கு: காகம், குயில், செம்போத்து, ஆள்காட்டி. நான்கும் சிறுவயதிலிருந்தே தெரிந்தவை. ஏழு மாதப் படிப்பில் ஒன்றுகூடச் சேரவில்லை. சுற்றிலும் இருபது முப்பது குரல்கள் கேட்டன. ஏதோ தெரிந்த மொழியைத் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. திரும்பி வரும் வழியில், எனக்குக் காது சரியில்லையோ என்றுகூட யோசித்தேன். காது மருத்துவரிடமும் போனேன். காது நன்றாகவே இருந்தது.

உண்மை தெரிந்தது தற்செயலாகத்தான். மாங்குயில் பதிவை ஒரு நாள் இரவு தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது விநாடியில் தூரத்தில் ஒரு நாய் இரண்டு முறை குரைக்கிறது. அதற்குப் பிறகுதான் மாங்குயில் அந்தப் புல்லாங்குழல் குரலை எடுக்கிறது. நாய் குரைத்தவுடனேயே என் வாய் "மாங்குயில்" என்றுவிட்டது. பறவை இன்னும் பாடவே இல்லை! வயிற்றில் ஏதோ செய்தது. உட்கார்ந்து பத்துப் பதிவுகளை எடுத்து, பறவை பாடத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு விநாடிகளை மட்டும் வெட்டி, கலைத்துப்போட்டுக் கேட்டேன். பத்தில் எட்டைச் சரியாகச் சொன்னேன். நீர் சலசலத்தால் குண்டுகரிச்சான், ஏதோ இயந்திரம் ரீங்கரித்தால் தையல்சிட்டு, ஒலிவாங்கியில் காற்று அடித்தால் வானம்பாடி. ஏழு மாதமாக நான் பறவையைக் கற்கவில்லை, பதிவைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு பறவைக்கு ஒரே ஒரு பதிவு என்றால் இதுதான் நடக்கும். எது பறவைக்கு உரியது, எது அந்த ஒரு நாளுக்கு மட்டும் உரியது என்று மூளை எப்படிப் பிரிக்கும்? ஒப்பிட இன்னொன்று வேண்டும் அல்லவா? தொகுப்பு வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எத்தனை பறவைகள் என்று பார்க்காதீர்கள், ஒரு பறவைக்கு எத்தனை பதிவுகள் என்று பாருங்கள். ஐந்நூறு பறவைக்கு ஐந்நூறு பதிவைவிட இருபது பறவைக்கு நூற்றிருபது பதிவு எவ்வளவோ மேல்.

இந்தப் புத்தி அன்றே வந்திருக்க வேண்டும். எனக்கோ வேறு புத்தி வந்தது. பின்னணிச் சத்தம்தான் பிரச்சினை என்று முடிவுகட்டி, அந்தச் சத்தமே இல்லாத, 'ஸ்டூடியோ தரம்' என்று விளம்பரம் செய்த இன்னொரு தொகுப்பை வாங்கினேன். கூடவே விலை அதிகமான ஹெட்போன். இரண்டாவது தொகுப்பு கேட்க அற்புதம்தான். பறவை காதுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கும். அதுதான் அதன் குறையும். இப்படிப்பட்ட பதிவுகளைப் பெரும்பாலும் கிண்ணம்போலக் குழிந்த பரவளைய வட்டில் ஒலிவாங்கியைப் பொருத்தி எடுக்கிறார்கள். அது உச்ச அலைவரிசைகளை நன்றாகத் திரட்டும். தாழ்ந்த ஒலிகளில், வட்டின் அகலத்தைவிட அலைநீளம் கூடும்போது, அவ்வளவாக உதவாது. வெளியில் நம் காதுக்கு வருவது இதற்கு நேர்மாறு. தூரமும் இலைகளும் உச்ச ஒலிகளைத்தான் முதலில் தின்னும். வெகு தூரம் தள்ளி இருக்கும் சிட்டின் பாட்டில் கூர்மையான நுனிகள் எல்லாம் மழுங்கி, நடுப்பகுதி மட்டுமே வந்து சேரும். நான் கற்றது கூர்மை, வெளியில் கேட்டது மழுங்கல். இரண்டையும் என்னால் பொருத்த முடியவில்லை.

அந்தத் தொகுப்பில் இன்னொரு கண்ணி இருந்தது. கிரேட் டிட் என்ற பெயரில் ஒரு பதிவு. நான் அடிக்கடி பார்க்கும் சாம்பல் நிறச் சிட்டுக்கு என் பழைய கையேட்டில் அதே பெயர்தான். ஒரு மாதம் அந்தப் பாட்டைக் கேட்டேன். நேரில் பார்க்கும் பறவை அப்படிப் பாடவே இல்லை. பிறகுதான் தெரிந்தது: ஒரே இனமாகச் சேர்த்து வைத்திருந்ததைப் பின்னாளில் பிரித்துவிட்டார்கள். ஐரோப்பியப் பறவை கிரேட் டிட், ஆசியாவில் நான் பார்ப்பது சினேரியஸ் டிட். தொகுப்பில் இருந்தது ஐரோப்பியக் குரல். பெயர் ஒன்று, பறவை வேறு. பழைய தொகுப்பு எதை எடுத்தாலும் ஆங்கிலப் பெயரை மட்டும் நம்பாமல், அறிவியல் பெயரை இன்றைய பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். பதிவு எந்த நாட்டில் எடுத்தது என்பதையும் பாருங்கள்.

ஒரே இனமாக இருந்தாலும் இடத்துக்கு இடம் பேச்சு மாறும். ஒயிட்-கிரவுன்டு ஸ்பேரோ என்ற அமெரிக்கச் சிட்டைப் பற்றி 1960-களில் பீட்டர் மார்லர் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவில் செய்த ஆய்வுகள் இதற்குப் பெயர்பெற்றவை. பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சிட்டுகளுக்கே தனித்தனி வட்டார வழக்கு. பாடும் பறவைகள் குஞ்சாக இருக்கும்போது மூத்தவற்றைக் கேட்டுக் கற்றுக்கொள்வதால் இப்படி ஆகிறது. குயில் வகைக்கும் புறாக்களுக்கும் குரல் பிறவியிலேயே அமைந்தது. காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும் குயில் குயிலாகத்தானே கூவுகிறது! இது வெறும் சுவாரசியச் செய்தி இல்லை, பதிவு சேர்க்கும்போது நேரடியாகப் பயன்படும். குயிலுக்கும் புறாவுக்கும் மூன்று நல்ல பதிவு போதும். குண்டுகரிச்சான், தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு போன்றவற்றுக்கு எட்டு பத்து வேண்டும், அதுவும் நீங்கள் நடக்கும் நிலப்பகுதியிலிருந்தே. மாம்பழச்சிட்டு ஒன்றே போதும் ஆளை அலைக்கழிக்க. நீளமாக ஒரு விசில், பிறகு அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொன்று. ஒரே பதிவை வைத்துக்கொண்டு அதைத் தேடினால் பாதி நாள் காணாமல் போய்விடும்.

பருவத்தில் நான் சறுக்கியது இதைவிட மோசம். இரண்டு தொகுப்புகளிலுமே பெரும்பாலும் பாட்டுதான் இருந்தது. கேட்க இனிமையாக இருக்கும், விற்கும். ஆனால் ஆண்டின் பெரும்பகுதியில் பறவைகள் பாடுவதில்லை. "இங்கே இருக்கிறேன்", "பூனை வருகிறது", "பசிக்கிறது" என்று சுருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும். பச்சைக் கதிர்க்குருவியின் இனப்பெருக்கக் காலப் பாட்டை மூன்று வாரம் கேட்டேன். குளிர்காலத்தில் வலசை வந்து தங்கும் இடத்தில் அது பெரும்பாலும் 'ச்சி-வீட்' என்ற இரண்டு அசையைத்தான் நாள் முழுக்கச் சொல்கிறது. தலைக்கு மேலேயே நூறு தடவை சொல்லியிருக்கும், எனக்குத் தெரியாது. குயிலிலேயே பாருங்கள், எல்லாருக்கும் தெரிந்தது ஆணின் கூவல். பெண் குயில் 'கிக் கிக் கிக்' என்று அவசர அவசரமாகக் கத்திக்கொண்டு மரம் மாறும்போது அதைக் குயில் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? நான் அதை ஒரு மீன்கொத்தியாக எழுதி வைத்திருந்தேன். மாங்குயிலும் அப்படித்தான், அந்தப் புல்லாங்குழலுக்குப் பின்னால் கரகரவென்று ஒரு கத்தல் வைத்திருக்கிறது. என் தொகுப்பில் அது இல்லை. நாய் மட்டும் இருந்தது.

இந்த லட்சணத்தோடு நான் பட்டியல் வேறு போட்டுக்கொண்டிருந்தேன். இணையத்தில் பொதுத் தரவுக்காகப் பறவைப் பட்டியல் பதிவது எனக்குப் பெருமையான விஷயம். ஒரு நாள், பட்டியல்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் மடல் எழுதினார். மிக மரியாதையாக ஒரே கேள்வி: "இந்தப் பதிவுகளில் பறவையைப் பார்த்தீர்களா, குரல் மட்டும் கேட்டீர்களா?" கேட்டது வெண்கன்னக் குக்குறுவானைப் பற்றி. மரங்களில் 'குட்ரூ குட்ரூ' என்று கேட்ட இடமெல்லாம் நான் அதையே எழுதியிருந்தேன். பழுப்புத்தலைக் குக்குறுவானும் ஏறத்தாழ அப்படித்தான் கத்தும். இரண்டையும் பிரிக்கத் தேர்ந்த காதுகளே தயங்கும். என் தொகுப்பில் ஒன்றுதான் இருந்தது, இன்னொன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. அந்த மடல் வந்த இரவு மேசையில் உட்கார்ந்து பழைய பட்டியல்களைத் திறந்தேன். குரலை மட்டும் வைத்து எழுதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, "இதற்கு நான் சத்தியம் செய்வேனா?" என்று கேட்டேன். அறுபத்தொரு பதிவுகளை அழித்தேன். இருமுறை எழுதிய வல்லூறும் அதில் போனது. கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி, வல்லூறு போலக் கத்தி மைனாக்களை விரட்டும் என்று அப்புறம்தான் படித்தேன். நான் கேட்டது எதுவென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதோடு இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சந்தேகம் வந்தபோதெல்லாம் வெளியிலேயே பதிவைச் சத்தமாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு காலை குண்டுகரிச்சானின் பாட்டைப் போட்டேன். ஆண் பறவை ஒன்று பாய்ந்து வந்து என் தலைக்கு மேல் கிளையில் உட்கார்ந்து, வாலைத் தூக்கி, மார்பைப் புடைத்துக்கொண்டு பாடியது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. மறுபடி போட்டேன். அது என்னையே சுற்றிச் சுற்றிப் பறந்து, அரை மணி நேரம் இல்லாத எதிரியைத் தேடியது. அந்தப் பக்கமாக வந்த வயதான ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, அதோட வீட்டு வாசல்ல நின்னு சண்டைக்குக் கூப்பிடுறீங்க. அது குஞ்சுக்கு இரை தேடுற நேரம்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். அன்றிலிருந்து வெளியில் பதிவு கேட்பது என்றால் ஹெட்போனில் மட்டும். கூடு கட்டும் காலத்தில் பறவைக்குப் பதிவைப் போட்டுக் காட்டவே காட்டாதீர்கள். இதில் கற்கும் பக்கத்துச் சங்கதியும் ஒன்று உண்டு. பதிவைப் போட்டு வரவழைத்த பறவை சண்டைக்காரக் குரலில் பாடும். அது அதன் அன்றாடப் பாட்டு ஆகாது. அப்படி எடுத்த பதிவை வைத்துக் கற்றாலும் தவறாகத்தான் கற்போம்.

எட்டாவது மாதத்தில் விலைக்கு வாங்கிய இரண்டு தொகுப்புகளையும் மூடி வைத்தேன். அடுத்த ஆறு மாதம் மறப்பதற்கும், புதிதாகச் சேர்ப்பதற்கும் போனது. இலவசமாகக் கிடைத்தவற்றை அத்தனை காலம் நான் ஏன் தேடவில்லை என்பதற்கு என்னிடம் பதிலே இல்லை. காசு கொடுத்தால் நல்லதாக இருக்கும் என்ற எண்ணம்தான், வேறென்ன. ஸெனோ-கான்டோ என்ற தளம் 2005 முதல் இருக்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் தாங்கள் பதிந்த குரல்களைப் போட்டு வைக்கிறார்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெக்காலே நூலகமும் அப்படி ஒரு கடல். இரண்டிலும் எனக்கு முக்கியமானது ஒலியின் பக்கத்தில் எழுதியிருக்கும் விவரம்தான். ஸெனோ-கான்டோவில் ஒரு பதிவைத் திறந்தால் தேதி, நேரம், இடம், உயரம், பாட்டா அழைப்பொலியா, பின்னணியில் வேறு என்ன பறவைகள், இவையெல்லாம் இருக்கும். நான் முதலில் பார்ப்பது இரண்டு சின்னக் கேள்விகளை: பதிந்தவர் பறவையைக் கண்ணால் பார்த்தாரா, பதிவைப் போட்டு வரவழைத்தாரா. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றிருந்தால் எடுத்துக்கொள்வேன். குறிப்பு எழுதும் இடத்தில் "கிளை நுனியில் ஆண், இருபது நிமிடம் பாடியது" என்பதுபோல ஒரு வரி இருந்தால் அந்த ஆளை நம்பலாம். ஒன்றுமே எழுதாத பதிவை நான் தொடுவதில்லை. யாராவது அடையாளத்தில் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்களா என்பதையும் ஒரு கண் பாருங்கள்.

தரம் என்ற எழுத்தில் ஏமாறாதீர்கள். ஸெனோ-கான்டோவில் ஏ முதல் ஈ வரை தரம் போடுகிறார்கள், மெக்காலேயில் நட்சத்திரம். ஏ என்றால் ஒலி தெளிவு, அவ்வளவே. அது உங்களுக்குப் பொருத்தமான பதிவு என்று யாரும் சொல்லவில்லை. நான் ஏ தரத்தில் இரண்டு எடுத்து அதன் வடிவத்தைப் பழகுவேன். பிறகு வேண்டுமென்றே பி, சி தரத்தில் நான்கைந்து எடுப்பேன்: தூரத்தில் பாடுவது, வேறு பறவைகள் மேலே பேசுவது, காற்று வீசுவது. வெளியில் நாம் கேட்கப் போவது சி தரம்தான். ஒரே ஆள் ஒரே காலையில் போட்ட ஆறு பதிவு ஆறு ஆகாது, பெரும்பாலும் அது ஒரே பறவை. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு மாதங்கள், வெவ்வேறு இடங்கள். நாய்கள் எல்லாம் வேறு வேறாக இருந்தால் நாய் தானாகக் கழன்றுவிடும்.

நீளமும் முக்கியம். இருபது விநாடிக்கு நறுக்கிய பதிவில் பறவையின் இடைவெளி போய்விடுகிறது. செம்மார்புக் குக்குறுவான் 'டொங்க் டொங்க்' என்று செம்பு தட்டுவதுபோல நிற்காமல் தட்டும்; அக்காக்குயில் படிப்படியாகச் சுருதி ஏறி, உச்சத்துக்குப் போய் சட்டென்று நிறுத்தும். இந்த ஏற்றமும் நிறுத்தமும்தான் அடையாளம். வேலையை எளிதாக்குகிறேன் என்று நடுவில் மௌனத்தை வெட்டி ஒட்டிய பதிவுகள் சில தொகுப்புகளில் உண்டு. அவற்றைக் கேட்டால் அந்தப் பறவை மூச்சே விடாமல் கத்துவதுபோல மனதில் பதிந்துவிடும். ஒரு நிமிடத்துக்குக் குறைவானதை நான் இப்போது சேர்ப்பதில்லை, எச்சரிக்கை ஒலிகளைத் தவிர.

கூண்டுப் பறவையின் பதிவு வேண்டவே வேண்டாம். அறியப்பட்டவற்றில் மிகப் பழைய பறவைக் குரல் பதிவே கூண்டுப் பறவையுடையதுதான் என்பது வேறு கதை. 1889-இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற சிறுவன், வயது எட்டோ என்னவோ, தன் வீட்டுச் சோலைபாடியின் பாட்டை மெழுகு உருளையில் பதிந்தான். பின்னாளில் பறவைக் குரல் பதிவில் பெரிய பெயராக வளர்ந்தவர். அந்த உருளையைக் கேட்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் சோலைபாடியைக் கற்க அது உதவாது. கூண்டில் வளர்ந்த பாடும் பறவை வீட்டில் கேட்டதையெல்லாம் பாட்டில் சேர்த்துவிடும். காட்டிலேயே இந்த வேலையைச் செய்பவையும் உண்டு. துடுப்புவால் கரிச்சான் ஒன்றிருந்தால் போதும், அது அரை டஜன் பறவைகளை வரிசையாகப் பாடிக் காட்டிவிடும். அதைக் கற்க நான் செய்வது, அது காப்பியடிக்கும் பறவைகளை முதலில் கற்பது. ஒரே கிளையிலிருந்து நாலு வெவ்வேறு பறவைகள் நிமிடத்துக்குள் அடுத்தடுத்துப் பேசினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்க்கப் பழகியது எனக்கு மிகப் பெரிய உதவி. பயந்துவிடாதீர்கள், இசைக்குறிப்பு மாதிரிதான்: இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி. இந்தத் தளங்களில் ஒவ்வொரு பதிவோடும் இருக்கும். நாமே பதிந்ததை ஆடசிட்டி என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். காது "ஏதோ கீச் என்றது" என்று விட்டுவிடுவதைக் கண் பிடித்துக்கொள்ளும். விசில் என்றால் மெல்லிய கோடு, கரகரப்பு என்றால் தடித்த பூச்சு, மேலே ஏறுகிறதா கீழே சரிகிறதா என்பது பளிச்சென்று தெரியும். சாம்பல் கதிர்க்குருவி பறக்கும்போது மின்பொறி தெறிப்பதுபோல 'டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். நான் அதைப் பூச்சி என்று நினைத்திருந்தேன். படத்தில் செங்குத்துக் கீற்றுகளாகப் பார்த்த பிறகுதான் காது அதைத் தனியாகக் கேட்கத் தொடங்கியது.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. விலையுயர்ந்த ஹெட்போன் தேவையில்லை, ஆனால் கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கி போதாது. செம்போத்தின் ஆழமான 'ஊப் ஊப்' அதில் வெளுத்துப்போய் வரும். சாதாரண ஹெட்போன் போதும். எம்பி3 கோப்பா வேறா என்று விவாதம் செய்து ஒரு வாரம் வீணாக்கினேன். கற்பதற்கு எம்பி3 தாராளம்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகளைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். மெர்லினில் 2021 முதல் அந்த வசதி இருக்கிறது, பேர்ட்நெட்டும் இருக்கிறது. நானும் பயன்படுத்துகிறேன். செயலி சொன்ன பெயரை நான் விடையாக எடுப்பதில்லை, எங்கே தேடுவது என்ற குறிப்பாக மட்டும். முதலில் நானே ஒரு பெயர் சொல்லிவிட்டு, பிறகுதான் திரையைப் பார்ப்பேன். முன்பே பார்த்துவிட்டால் பழைய தொகுப்பில் பெயரை முதலில் சொன்ன அந்தக் கம்பீரக் குரலும் செயலியும் ஒன்றாகிவிடும்.

இப்போது என்னிடம் இருபத்திமூன்று பறவைகள்தான் இருக்கின்றன. ஐந்நூறிலிருந்து இருபத்திமூன்று. குழப்பும் பறவைகளை ஜோடியாக வைத்திருக்கிறேன், இரண்டு குக்குறுவான்கள் ஒரே கோப்புறையில், இரண்டு சின்னான்கள் ஒரே கோப்புறையில். வாரத்துக்கு ஒன்றுதான் புதிதாகச் சேரும்; அதுவும் நேரில் அந்தப் பறவை வாய் திறந்து கத்துவதை ஒருமுறையாவது பார்த்த பிறகு. வெளியில் கேட்ட தெரியாத குரல்களைக் கைப்பேசியிலேயே பதிந்து, இடமும் நேரமும் நானே வாயால் சொல்லி முடித்து, 'யாரோ' என்ற கோப்புறையில் போடுகிறேன். அதில் முப்பத்தொன்று சேர்ந்திருக்கின்றன. போன வாரம் ஒன்று குறைந்தது. மூன்று மாதமாக நான் விரட்டிக்கொண்டிருந்த குரல் அது, விடாமல் 'சிப் சிப் சிப்' என்று காலை முழுக்க. எந்தச் சிட்டோடும் பொருந்தவில்லை, ஸ்பெக்ட்ரோகிராமிலும் ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் அதே மரத்தடியில் அசையாமல் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கிளைக்கவட்டில் வாலைச் சொடுக்கிச் சொடுக்கிக் கத்திக்கொண்டிருந்தது ஓர் அணில்.